வேலை முடிந்த பிறகு: பெரம்பூர் ஆலைத் தொழிலாளியின் ஓய்வும் குடியுரிமையும்

1918ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை பெரம்பூரின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் வெளியே சொல்லத் துணிந்த குறைகளில் ஒன்று சாப்பாட்டு நேரம் பற்றியது. பகல் இடைவேளை அரை மணி மட்டுமே. இயந்திரம் நின்றதும் வெளியே வந்து, கைகழுவி, கொண்டுவந்த சோற்றை விழுங்கிவிட்டு, சங்கு ஊதுவதற்குள் உள்ளே திரும்பிவிட வேண்டும். அந்தக் குறையைக் கேட்டறிந்த பி.பி. வாடியா அதை நிர்வாகத்திடம் கொண்டுசென்றார். அரை மணி 40 நிமிடமாக நீண்டது. கூலி, மேஸ்திரிகளின் கெடுபிடி, விலைவாசி என்று எத்தனையோ சுமைகள் இருந்தும், இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் பக்கங்களில் பதிவான வெற்றி பத்து நிமிட நேரம்தான்.

அந்தப் பத்து நிமிடத்தைச் சிறிய சலுகை என்று தள்ளிவிட முடியாது. தன் நேரத்தில் ஒரு பகுதி தனக்கே உரியது என்று ஒரு தொழிலாளி வாய் திறந்து சொன்னதும், அதற்காகப் பலர் சேர்ந்து நின்றதும் அதில் அடங்கியிருக்கின்றன. வாக்குரிமை அவரை எட்ட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கூட்டத்தில் எழுந்து பேசுவது, மாற்றுக் கருத்தைப் பொறுமையாகக் கேட்பது, சந்தா கட்டுவது, கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது, தன்னைப்போன்ற ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பது ஆகிய பழக்கங்களை அவர் அதற்கு முன்பே கற்றுக்கொண்டார். அவற்றைக் கற்ற இடம் ஆலையும் அல்ல, பள்ளியும் அல்ல. வேலை முடிந்த பிறகு கிடைத்த சில மணி நேரத்தில், சபாவிலும் கடற்கரையிலும் டீக்கடையிலும் படிப்பகத்திலும் கற்றார். உழைக்கும் ஆணின் ஓய்வு வரலாறு குடியுரிமையின் வரலாறாகவும் ஆவது இதனால்தான். அந்த ஓய்வு யார் கையில் இருந்தது, அதற்குள் யாருக்கு இடமில்லை என்ற இரு கேள்விகளைக் கொண்டு இந்தக் கட்டுரை அவ்வரலாற்றைப் பார்க்கிறது.

சட்டம் கண்ட ஆள்

பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் ஆலை 1870களிலும் கர்நாடிக் ஆலை அடுத்த பத்தாண்டிலும் எழுந்தன. அவை எழுந்த காலத்தில் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பு ஏதும் இல்லை. 1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கு ஒரு நாளில் 11 மணி என்று வரம்பு வகுத்தது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, நண்பகலில் அரை மணி இடைவேளை ஆகியவற்றை எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொதுவாக்கியது. இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இரக்கம் மட்டும் இல்லை. இந்திய ஆலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளின் நெருக்குதலும் இருந்தது.

வயது வந்த ஆணின் வேலை நேரத்தில் சட்டம் கைவைக்க 1911 வரை ஆயிற்று. அப்போதும் துணி ஆலைகளில் நாளுக்கு 12 மணி என்பதே வரம்பு. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54 மணி, விடுதலைக்குச் சற்று முன் 1946இல் 48 மணி என்று அது படிப்படியாகக் குறைந்தது. குழந்தைக்கும் பெண்ணுக்கும் காப்பு வேண்டும், வயது வந்த ஆண் தன் பேரத்தைத் தானே பேசிக்கொள்ளக்கூடியவன் என்பதே அக்காலச் சட்டச் சிந்தனை. முதலாளியோடு சரிசமமாக நின்று ஒப்பந்தம் செய்யும் சுதந்திர மனிதனாக அது அவனைக் கருதியது.

அதே மனிதனை அரசியல் சட்டம் வேறு கண்ணால் பார்த்தது. 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி மாகாணச் சட்டமன்றத்துக்கு வாக்களிக்கச் சொத்தோ வரியோ தகுதியாக இருந்தது. ஆலைக் கூலிகளில் பெரும்பாலோருக்கு இரண்டும் இல்லை. நாளெல்லாம் உழைக்க ஒப்புக்கொள்ளும் அறிவு அவனுக்கு உண்டு, தன்னை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லை என்று இரு சட்டங்களும் சேர்ந்து சொல்லின. 1935ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணச் சட்டப்பேரவையின் 215 இடங்களில் தொழிலாளருக்கென 6 இடங்களை ஒதுக்கியது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பது 1951-52 பொதுத் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் விட்டுவைத்த இந்த நீண்ட இடைவெளியைத் தொழிலாளர்கள் தங்கள் மாலை நேரங்களால் நிரப்பினார்கள்.

சபாவிலிருந்து சங்கத்துக்கு

பெரம்பூர் வட்டாரத்தில் ஆலைக்கருகே கடை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபா என்ற பக்தி சபாவை நடத்திவந்தனர். பஜனையும் சமயச் சொற்பொழிவும் கேட்க ஆலைத் தொழிலாளர்கள் அங்கே கூடினார்கள். நாள் முழுதும் தறியோடும் பஞ்சுத் தூசியோடும் கிடந்தவர்களுக்கு அது இளைப்பாறும் இடம். பேச்சு மெல்லப் புராணத்திலிருந்து ஆலைக்குத் திரும்பியது. கடைக்கு வருபவர்கள் சொல்லும் துயரங்களைக் கேட்டுக்கேட்டு மனம் பொறுக்காத செல்வபதி செட்டியார் உதவி தேடிப் போனார். ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்த திரு.வி.க. சபா மேடையில் தொழிலாளர் நிலை பற்றிப் பேசினார். அன்னி பெசன்டின் ஹோம்ரூல் இயக்கத்தைச் சேர்ந்த வாடியா தொழிலாளர்களை நேரில் வந்து சந்தித்தார்.

1918 ஏப்ரல் 27, சனிக்கிழமையன்று, சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று அது கருதப்படுகிறது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். வாரந்தோறும் நடந்த கூட்டங்களில் வாடியாவின் ஆங்கிலப் பேச்சு தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. அப்பேச்சுகள் 1921இல் நூலாகவும் வந்தன. சங்கத்தின் பிறப்பைச் சொல்லும்போது இத்தலைவர்களின் பெயர்களைச் சொல்லி நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவர்கள் வந்து பேசுவதற்கு முன்பே கேட்பதற்கு ஒரு கூட்டம் அங்கே இருந்தது. குறித்த நாளில் குறித்த இடத்தில் கூடுவது, செலவைப் பகிர்ந்துகொள்வது, அமைதியாக உட்கார்ந்து பிறர் பேச்சைக் கேட்பது எல்லாம் அக்கூட்டத்துக்குப் பழகிப்போயிருந்தன. சபா அந்தப் பழக்கங்களைச் சங்கத்துக்கு வழங்கியது.

நிர்வாகம் இதன் பொருளை உடனே புரிந்துகொண்டது. 1920இல் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மூண்டபோது, பின்னி நிறுவனம் வாடியா முதலியோர்மீது நஷ்டஈடு கேட்டு உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளரை வேலைக்குத் திரும்பாமல் இருக்கத் தூண்டக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது. வாடியா சங்கத்தை விட்டு விலகும் நிபந்தனையின்பேரில் வழக்கு முடிந்தது. ஓய்வு நேரத்தில் கூடிப் பேசுவதே குற்றமாகிவிடலாம் என்ற நிலை நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று என்.எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் 1921இல் எழுப்பிய கோரிக்கை, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமாகக் கனிந்தது. பெரம்பூரின் மாலைக் கூட்டங்கள் நாட்டின் சட்டப் புத்தகத்தில் தடம் பதித்தன.

1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடினார். ஒரு கூட்டம் உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடற்கரையிலும் மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் நடந்தன. மீனவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் ஆலைத் தொழிலாளியும் காசு கொடுக்காமல் உட்காரக்கூடிய பெரிய பொது இடம் அந்த மணல்வெளிதான். காற்று வாங்க வந்த இடமே மாநாட்டுப் பந்தலாக ஆயிற்று.

அடைபட்ட கதவுகள்

சபாவும் சங்கமும் எல்லோரையும் சமமாக ஏற்றுக்கொண்டன என்று எழுதினால் வரலாற்றுக்குத் துரோகம் செய்வதாகும். 1921இல் தொடங்கி அவ்வாண்டு அக்டோபர் வரை இழுத்த பெரிய வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். வேலைநிறுத்தத்தில் நின்ற சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளர்களுக்கும் அவர்களுக்கும் இடையே புளியந்தோப்பில் மூண்ட கலவரத்தில் குடிசைகள் எரிந்தன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. வேலைநிறுத்தம் முறிந்தது.

ஆதிதிராவிடத் தொழிலாளரை ஆங்கில நிர்வாகம் பிரித்துக்கொண்டது என்ற விளக்கம் பாதி உண்மை. பஞ்சாலைக்குள் ஒரே கூரையின்கீழ் நின்றவர்கள் வேலை முடிந்ததும் வேறுவேறு உலகங்களுக்குத் திரும்பினார்கள் என்பது மறு பாதி. ஒருவர் தெரு வேறு, மற்றவர் சேரி வேறு. ஒருவர் குடிக்கும் கிணற்றிலும் உட்காரும் உணவு விடுதியிலும் மற்றவருக்கு இடமில்லை. சேர்ந்து இளைப்பாறாதவர்கள் சேர்ந்து பட்டினி கிடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது அந்த வேலைநிறுத்தம். மாதக்கணக்கில் கூலி இல்லாமல் கிடக்கக் கையில் ஏதும் இல்லாத சேரி மக்களின் நிலையைச் சங்கத் தலைவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை என்று எம்.சி. ராஜா போன்ற ஆதிதிராவிடத் தலைவர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு.

கதவு அடைபட்டவர்கள் தங்களுக்கென்று வேறு கதவைத் திறந்தார்கள். அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது. கூலித் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலை. அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ் பகுதிகளில் வேரூன்றின. பூமிக்கடியில் பொன் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்கள் மேலே வந்த பிறகு கூடிப் படித்தார்கள், விவாதித்தார்கள், இதழுக்கு எழுதினார்கள், சந்தா திரட்டினார்கள். அயோத்திதாசர் மறைந்த பின்னும் 1926 முதல் ‘தமிழன்’ தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றுவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, ஓய்வு நேரத்தைக் குடியுரிமைக் கல்வியாக மாற்றிய தொழிலாளர் கூட்டம் தமிழரிடையே இருந்தது. தமிழ்த் தொழிலாளர் வரலாற்றை ஆலையிலிருந்தும் பெருந்தலைவர்களிடமிருந்தும் தொடங்கும் வழக்கத்தை இந்த உண்மை மாற்ற வேண்டும்.

பெண்களுக்கு அடைபட்ட கதவு இன்னும் நீண்ட காலம் அடைபட்டே இருந்தது. ஆணின் வேலை சங்கு ஊதியதும் முடிந்தது. அடுப்பு, தண்ணீர்க் குழாய், குழந்தை, நோயாளி என்ற வேலைக்குச் சங்கு இல்லை. மாலையில் ஆண் கூட்டத்துக்குப் போக முடிந்தது என்றால், அந்த நேரத்தில் வீட்டை ஒருவர் தாங்கிக்கொண்டிருந்தார் என்று பொருள். சென்னை மாகாணம் 1921லேயே பெண்களுக்கும் வாக்குரிமையைத் திறந்தது, ஆனால் அதற்கும் சொத்துத் தகுதிதான் வாசல். உழைக்கும் வீட்டுப் பெண்ணுக்கு வாக்கும் இல்லை, அதைப் பற்றிக் கூடிப் பேச நேரமும் இல்லை. ஆணின் ஓய்வு நேரம் என்று நாம் எழுதும் கணக்கில் பெரும் பகுதி பெண்ணிடமிருந்து கூலியின்றிப் பெற்ற நேரம்.

கொடுக்கப்பட்ட பொழுதுபோக்கு

தொழிலாளியின் மாலை நேரம் எவ்வளவு வலிமையானது என்பதை முதலாளிகளும் அரசும் அறிந்திருந்தனர். 1921க்குப் பிறகு பின்னி நிர்வாகம் சங்கத்தைப் புறக்கணித்து நலப்பணிகளை விரிவாக்கியது. பள்ளி, மருந்தகம், கூட்டுறவுப் பண்டகசாலை, தொழிலாளர் குடியிருப்புகள் என்று அவை வளர்ந்தன. இந்தியத் தொழிலாளர் நிலையை 1929 முதல் 1931 வரை ஆராய்ந்த விட்லி ஆணையமும் அவற்றை நல்ல முன்மாதிரியாகக் கண்டது. இவற்றால் குடும்பங்கள் பயன்பெற்றன என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கே விளையாட்டும் படிப்பும் நிர்வாகத்தின் கொடையாக வந்தன. கொடுப்பவரை எதிர்த்துப் பேசும் உரிமை அவற்றோடு சேர்ந்து வரவில்லை.

இதே இழுபறியை இங்கிலாந்தும் கண்டது. ஹென்றி சாலி என்ற பாதிரியார் 1862இல் உழைக்கும் ஆண்களின் மன்றங்களுக்கான ஒன்றியத்தை நிறுவினார். மதுக்கடையிலிருந்து தொழிலாளியை மீட்டுப் படிப்பிலும் நற்பேச்சிலும் ஈடுபடுத்துவது அதன் நோக்கம். பணம் பிரபுக்களிடமிருந்து வந்தது. மன்ற உறுப்பினர்கள் பையப்பைய மாற்றத்தைக் கேட்டார்கள். என்ன அருந்துவது, எதைப் பற்றி விவாதிப்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்றார்கள். 1880களின் நடுவில் ஒன்றியத்தின் ஆட்சி உறுப்பினர் கைக்கு வந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், 1867, 1884 ஆண்டுச் சட்டங்களால், பிரிட்டிஷ் தொழிலாளரில் கணிசமானோருக்கு வாக்குரிமையும் கிடைத்தது. தங்கள் மன்றத்தைத் தாங்களே ஆளக் கேட்டவர்களும் நாட்டை ஆள்வதில் பங்கு கேட்டவர்களும் ஒரே வர்க்கத்து மனிதர்கள்.

தமிழகத்தில் மது இந்த இழுபறியின் மையமாக இருந்தது. கள்ளுக்கடை வெறும் போதைக் கூடம் அல்ல. ஊர்க்கதை பேசவும் உறவு பாராட்டவும் அங்கே இடம் இருந்தது. அதே கடைதான் கூலியையும் குடும்பத்தின் சோற்றையும் விழுங்கியது. 1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, காலியான மாலைகளை நிரப்ப விளையாட்டு, பஜனை போன்றவற்றை ஏற்பாடு செய்ய முயன்றது. தொழிலாளியின் ஓய்வு அரசின் பொறுப்பு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. மேலிருந்து திட்டமிட்ட அந்தப் பொழுதுபோக்குகள் நிலைக்கவில்லை. மக்கள் தாமே தேர்ந்துகொண்ட வேறோர் இடம் நிலைத்தது.

டீக்கடை, படிப்பகம், தரை டிக்கெட்

அந்த இடம் டீக்கடை. காபி நடுத்தர வர்க்கத்தின் பானமாகவும் தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் தமிழகத்தில் பிரிந்துநின்ற வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியிருக்கிறார். சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’ அந்தக் கடையின் பெஞ்சுக்கு ஏற்ற நாளிதழாக அமைந்தது. எளிய தமிழ், பெரிய தலைப்பு. ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டார்கள். படிக்கத் தெரியாதது செய்தி அறியத் தடையாக இல்லை. கேட்டவரும் கருத்துச் சொன்னார், படித்தவரைக் கேள்வி கேட்டார். ஊரின் பல டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையும் இதே காலத்தில்தான் நடந்தது. பொது இடம் என்று பெயர் பெற்ற இடத்தில் எல்லோரும் பொதுவாக இருக்கவில்லை. இரட்டைக் குவளையை எதிர்த்த போராட்டத்தை டீ குடிக்கும் உரிமைக்கான போராட்டமாக மட்டும் காண்பது பிழை. செய்தி கேட்டுக் கருத்துச் சொல்லும் பெஞ்சில் சமமாக உட்காரும் உரிமையையும் அது கேட்டது.

டீக்கடையை அடுத்துச் சலூன், அதையடுத்துப் படிப்பகம். திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் தெருமுனைகளில் ஓலைக் கூரையின்கீழும் ஓட்டுச் சார்பிலும் படிப்பகங்களைத் திறந்தன. ‘விடுதலை’, ‘திராவிட நாடு’, ‘முரசொலி’, ‘ஜனசக்தி’ அங்கே கிடந்தன. சந்தா, பதிவேடு, பொறுப்பாளர் தேர்வு, ஆண்டுவிழா, அதில் ஒரு பேச்சாளர் என்று படிப்பகம் ஒரு சிறு குடியரசாக நடந்தது. கூலிவேலை முடித்துவந்த இளைஞர் அங்கே செயலாளர் ஆனார். முதன்முறையாக ஒரு தீர்மானத்தை எழுதினார், முதன்முறையாக ஒலிபெருக்கிமுன் நின்றார். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் உழைக்கும் மக்கள் நிறைந்த இராயபுரத்தின் ராபின்சன் பூங்காவில் நடந்தது தற்செயல் அல்ல. வாக்கு கைக்கு வந்த 1952லிருந்து 1967இல் ஆட்சி மாறியது வரையான பதினைந்து ஆண்டு வரலாற்றில் இந்தப் படிப்பகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

திரையரங்கமும் இதே வரிசையில் வருகிறது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கம்தான் என்று கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பல்ல, டிக்கெட் விலை என்பது அவர் கருத்து. தரை டிக்கெட்டும் சோபாவும் பிரிந்துதான் இருந்தன. ஆனால் தரையில் இருந்தவரின் விசில்தான் படத்தின் வெற்றியைத் தீர்மானித்தது. விலை பிரித்த இருக்கையை அடுத்த மாதம் கூலி கூடினால் மாற்றிக்கொள்ளலாம். பிறப்பு பிரித்த இடத்தை மாற்ற வழியே இல்லை. சாதி மறுத்த இடத்தை நாலணா கொடுத்தது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

ரசிகர் மன்றம்: வலிமையும் வரம்பும்

1950களிலிருந்து பெருகிய ரசிகர் மன்றங்களை அறிவுலகம் நெடுங்காலம் வெறும் மோகம் என்று ஒதுக்கியது. மதுரையில் கள ஆய்வு செய்து 1993இல் நூல் வெளியிட்ட சாரா டிக்கி, அவை நகர்ப்புற ஏழை ஆண்களின் அமைப்புகளாக இயங்கியதைக் காட்டினார். தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர் சந்தா எல்லாம் அங்கும் உண்டு. சுவரொட்டி ஒட்டிய கைகளே தண்ணீர்ப் பந்தலும் வைத்தன, இரத்த தானமும் செய்தன. வேலையிடத்தில் பெயர் சொல்லிக்கூட அழைக்கப்படாதவர் தெருவில் மன்றத் தலைவராக மதிக்கப்பட்டார். 1971இல் ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்தில் உழைப்பாளியாக நடித்த எம்.ஜி.ஆர். அடுத்த ஆண்டு தனிக்கட்சி தொடங்கியபோது, இந்த மன்றங்களே அக்கட்சியின் கிளைகளாக ஆயின. 1977இல் அவர் முதலமைச்சர் ஆனார்.

ஆயினும் படிப்பகத்துக்கும் ரசிகர் மன்றத்துக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. படிப்பகத்தில் தலைவரின் எழுத்தை வாதிட்டுப் படித்தார்கள். மன்றத்தில் தலைவரின் உருவத்தை வணங்கினார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு இதை ஆழமாகப் பேசியது. திரையில் ஏழைக்காக வாதாடிய எம்.ஜி.ஆரின் ஆட்சி, ஏழைகள் குடித்த மதுவின் வரியை வருவாய்க்கு நம்பியிருந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டினார். உறுப்பினர் தன் அமைப்பை நடத்தக் கற்றுக்கொண்டார், ஆனால் தன் தலைவரைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. குடியுரிமையின் ஒரு பாதி வளர்ந்தது, மறு பாதி சுருங்கியது. மன்றங்கள் பெரும்பாலும் ஆண்களின் உலகமாகவே இருந்ததும் அந்தச் சுருக்கத்தின் ஒரு பகுதி.

நேரம் மீண்டும் கேள்வியாகிறது

பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அவற்றோடு ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே நேரத்தில் வீடு திரும்பிய பெருங்கூட்டமும் கலைந்தது. இன்றைய தொழிலாளி சுழலும் ஷிஃப்ட்டில் இருக்கிறார், அல்லது கான்ட்ராக்டரின் வேனில் இரண்டு மணி நேரம் பயணம் செய்கிறார், அல்லது அடுத்த ஆர்டருக்காகக் கைப்பேசியைப் பார்த்தபடி சாலையோரம் நிற்கிறார். பக்கத்து இருக்கைக்காரருக்கு விடுமுறை வரும் நாளில் இவருக்கு வேலை. தனித்தனியாகக் கிடைக்கும் ஓய்வில் ஒருவர் தூங்கலாம், படம் பார்க்கலாம். கூடிப் பேச வேண்டுமென்றால் பலருக்கு ஒரே நேரத்தில் ஓய்வு வேண்டும்.

2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வார வரம்பு 48 மணியாகவே இருக்கும், நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்று விளக்கம் தரப்பட்டது. தோழமைக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. சில நாட்களில் திருத்தம் நிறுத்திவைக்கப்பட்டது, மே முதல் நாள் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மணிக் கணக்கில் வாரம் மாறவில்லையே என்ற வாதம், நாள்தோறும் கிடைக்கும் மாலையின் மதிப்பை மறந்துவிடுகிறது. 12 மணி வேலையும் பயணமும் சாப்பாடும் தூக்கமும் போனால் அந்த நாளில் கூட்டத்துக்கோ நூலகத்துக்கோ குழந்தையின் பாடத்துக்கோ இடமில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த அதே 12 மணியை நூறாண்டுக்குப் பின் தொழிலாளர்கள் ஏற்க மறுத்தது சரியே.

மிஞ்சும் நேரத்துக்கு ஊர் என்ன இடம் தருகிறது என்பதும் கவலைக்குரியது. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. அதன் ஆண்டு வருவாய் இப்போது 45,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. படிப்பகங்களில் பல பூட்டிக் கிடக்கும் காலத்தில் அரசு திறந்துவைத்திருக்கும் இடங்களில் உழைப்பாளிக்கு எளிதில் எட்டுவது மதுக்கடை. உணவு வழங்கும் தொழிலாளர்களுக்காகச் சென்னை மாநகராட்சி திறந்த குளிரூட்டிய ஓய்வறைகளை நான் மனதார வரவேற்கிறேன். உட்கார ஓர் இடம் என்பது உரிமை என்ற ஏற்பு அதில் இருக்கிறது. ஆனால் பெரம்பூர் வரலாறு கற்பிக்கும் பாடம் அதோடு முடியவில்லை. இடத்தைத் தந்தால் மட்டும் போதாது, அதை நடத்தும் பொறுப்பையும் அதைப் பயன்படுத்துவோர் கையில் கொடுக்க வேண்டும். சபா, சங்கம், சாக்கிய பௌத்தக் கிளை, படிப்பகம் ஆகிய எல்லாம் ஆளுமையை வளர்த்ததற்குக் காரணம், அவற்றின் கணக்கும் சாவியும் அவற்றைப் பயன்படுத்தியோரிடமே இருந்ததுதான்.

எனவே வேலை நேரச் சட்டத்தை உற்பத்தித் திறன் பற்றிய சட்டமாக மட்டும் விவாதிப்பதை நாம் கைவிட வேண்டும். அது வாக்குரிமைச் சட்டத்தின் தொடர்ச்சி. நூலகங்களும் பொது மண்டபங்களும் ஷிஃப்ட் முடிந்த பிறகும் திறந்திருக்க வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையை நீதிமன்றப் படியேறிப் பெறும் நிலை மாற வேண்டும். பழைய பிழைகளும் திரும்பக் கூடாது. சாதி பார்த்துத் திறக்கும் கதவும், பெண்ணின் உழைப்பில் வாங்கிய ஆணின் மாலையும் 1921இல் தொழிலாளரைத் தோற்கடித்தன, இன்றும் தோற்கடிக்கும். வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளும் ஆண் தன் ஓய்வில் சிறிது இழப்பார். அந்த இழப்பில்தான் உழைக்கும் வர்க்கத்தின் மறு பாதிக்குக் கூட்டத்துக்கு வரவும் பேசவும் தலைமை ஏற்கவும் நேரம் பிறக்கும். எட்டு மணி நேரப் போராட்டம் ஆலை வாசலோடு முடிந்துவிடவில்லை. அடுக்களைக்குள்ளும் அது வர வேண்டும்.